ஏழில் ஒன்று

பெரிய மார்க்கெட்டில் எலுமிச்சம்பழமும் இஞ்சியும் கொத்தமல்லியும் விற்கிற கமலவேணியிடம், காலையில் போணி ஆகும் வரைக்கும் எதுவும் பெயராது. சும்மா ஒரு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டால் இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் இல்லை. மணி என்ன என்று கேட்டால்கூட அடுத்த கடையில் போய்க் கேள் என்பாள். முதல் வியாபாரம் ராசியான கையால் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பொருள் ஓசியில் கை மாறிவிட்டால் அன்றைய பொழுது முழுக்க ஓசியில்தான் போகும். இது அவளாகப் போட்ட சட்டமில்லை. மார்க்கெட்டில் எல்லோரும் கும்பிடுகிற சட்டம்தான். மற்றவர்கள் நின்றபடி கும்பிட்டார்கள், இவள் விழுந்து கும்பிட்டாள்.

அவளுக்கு வாய்த்த ராசிக்கை ஃபிரான்சுவாஸ் மதாமுடையது. துய்மா வீதியில் தனியாக இருக்கிற அம்மாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகும் பென்ஷன் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சம்பா கோயிலில் காலைப் பூசை முடித்து, ஏழரை மணி வாக்கில் குடையை ஊன்றிக்கொண்டு வருவாள். "போன்ழூர் கமலா" என்று சொல்லி நாலு பழம் பொறுக்குவாள். அந்த நாலு பழம் போன பிறகுதான் கமலவேணி மனுஷியாவாள்.

சிக்குன்குனியா வந்து ஊரையே மடக்கிப் போட்டதற்கு மறு வருஷம் அது. சூடு கண்ட பூனையாக மார்க்கெட்டே நோய்த்தடுப்பில் இறங்கியிருந்தது. மீன்காரிகள் கூடையில் வேப்பிலை செருகினார்கள். பூக்காரர்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிழங்குக் கடை கோவிந்தசாமி தினம் ஒரு அண்டா நிலவேம்புக் கஷாயம் காய்ச்சித் தர்மத்துக்கு ஊற்றினார். அண்டாவுக்கு ஒரே ஒரு டம்ளர். எண்பது பேர் வாய் வைத்த டம்ளரை எண்பத்தோராவது ஆள் பயபக்தியோடு வாங்கிக் குடித்துவிட்டு, இனிமேல் ஒரு நோயும் அண்டாது என்று வாயைத் துடைத்துக்கொள்வார். அந்த வரிசையில் தினமும் நின்றவள் அஞ்சலாட்சி. எத்தனை கஷாயம் குடித்தும் அவளுடைய இருமல் மட்டும் நிற்கவில்லை.

அஞ்சலாட்சி மீன்காரி. முப்பத்தாறு வயது. புருஷன் சாராயத்தில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முத்தியால்பேட்டையில் ஒற்றை அறையில் பதினொரு வயது மகள் அபியோடு இருந்தாள். கமலவேணிக்கும் அதே முத்தியால்பேட்டைதான், அடுத்த தெரு. காலையில் ஒன்றாக நடந்து வருகிற பழக்கம். அந்த நடையில்தான் கமலவேணி அதைப் பார்த்தாள். இருமிக்கொண்டே வந்தவள் நின்று துப்பினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் சிவப்பு.

ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக் காசம் என்று சொன்னார்கள். அஞ்சலாட்சி அழவில்லை. மார்க்கெட்டுக்குத் தெரியக் கூடாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. காசக்காரி கையால் மீன் வாங்க யாருக்குத் தலையெழுத்து? தெரிந்த நிமிஷமே இடம் போய்விடும், இடம் போனால் சோறு போய்விடும்.

மருந்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற வழக்கம் அந்த வைத்தியத்தில் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், நம்பிக்கையான ஒருத்தர் கண்ணெதிரே முழுங்க வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று சுகாதார ஊழியர் ஜானகிராமன் கேட்டபோது அஞ்சலாட்சி யோசிக்காமல் கமலவேணியைக் காட்டினாள். எட்டாவது வரை படித்தவள், வாய் பத்திரமானவள், விடிவதற்குள் கடை போடுகிறவள். எலுமிச்சம்பழம் வாங்க வருகிற மாதிரி வந்து முழுங்கிவிட்டுப் போகலாம், யாருக்கும் சந்தேகம் வராது. கமலவேணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சர்க்கார் தன்னை நம்பி ஒரு உயிரைக் கொடுக்கிறது என்று அன்றைக்குப் புருஷனிடம் சொன்னாள்.

தை மாசத்தில் ஒரு திங்கட்கிழமை ஜானகிராமன் அஞ்சலாட்சியின் பெயர் எழுதிய மருந்துப் பெட்டியோடு கடைக்கு வந்தார். மணி ஏழு. ஏழு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாக விளக்கினார்.

"இந்தச் சிவப்பு இருக்குதே, இதுதான் ராஜா. மத்ததெல்லாம் பட்டாளம். இத முழுங்கினா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவும், பயப்படாத."

அஞ்சலாட்சி கண் இமைக்காமல் கேட்டாள். கமலவேணி கேட்கவில்லை. அவள் கண் மணிக்கூண்டுப் பக்கம் இருந்தது. போணி ஆகாத கடையிலிருந்து மருந்து, அதுவும் காசத்துக்கான மருந்து, ஓசியில் கை மாறிக்கொண்டிருக்கிறதே என்று நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

போவதற்கு முன்னால் அஞ்சலாட்சி அவரிடம் ஒன்று கேட்டாள். மகளுக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முன்கூட்டியே ஏதாவது கொடுப்பீர்களா என்றாள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் தடுப்பு மாத்திரை உண்டு, உன் மகளுக்குப் பதினொன்று ஆகிறது, இருமல் வந்தால் கூட்டி வா, பார்க்கலாம் என்றார் ஜானகிராமன். சரி என்று தலையாட்டிவிட்டு அவள் மீன் பக்கம் போனாள்.

அன்றைக்கு ஃபிரான்சுவாஸ் மதாம் வரவில்லை. காய்ச்சலாம். பத்து மணி வரை கமலவேணிக்குப் போணி ஆகவில்லை. மத்தியானம் ஒரு கூடைப் பழத்தின் அடியில் அழுகல் கிளம்பியது. கேட்க வேண்டுமா? புதன்கிழமை விடியற்காலையில் அஞ்சலாட்சி வந்து நின்றபோது கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"கோச்சிக்காதடி. போணிக்கு முன்னால மருந்து எடுத்துக் குடுத்தா வூட்டுக்கு மருந்துதான் வரும். மதாம் வந்துட்டுப் போவட்டும், அப்புறம் வா."

ஏழரைக்கு மேல் மீன்காரி எப்படி வருவாள்? வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம் அதுதான். கமலவேணி அங்கே போய்க் கொடுத்தாலோ பத்துக் கண் பார்க்கும். பதினொரு மணிக்கெல்லாம் மீதி மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு அஞ்சலாட்சி தெருவில் கூவப் போய்விடுவாள். ஆகவே இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் தெருவில் கூவக் கிளம்பும்போதே மாத்திரை அட்டையைக் கொத்தமல்லிக் கட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவது. விடிந்ததும் வெறும் வயிற்றில் வீட்டிலேயே போட்டுக்கொண்டு, காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டிவிடுவது. நோயும் தீரும், ராசியும் கெடாது. இவ்வளவு சுலபமான வழி சர்க்காருக்கு ஏன் தோன்றவில்லை என்றுகூடக் கமலவேணி நினைத்தாள்.

காலி அட்டைகள் தவறாமல் வந்தன. பெட்டியோடு கொடுத்திருந்த அட்டவணையில் கமலவேணியும் தவறாமல் குறி போட்டாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அபி அம்மாவோடு மார்க்கெட்டுக்கு வந்தாள். ஒல்லிப் பெண், எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை. அம்மா மீன் பக்கம் போனதும் கமலவேணியின் காதருகே வந்து குனிந்தாள்.

"பெரிம்மா, எனக்கு ஆரஞ்சு கலர்ல போவுது. இஸ்கூல்ல பாத்துட்டு சிரிக்கிறாளுங்க."

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. சூடு, வேறென்ன என்றாள். மஞ்சள் காமாலையாக இருந்தாலும் இருக்கும் என்று ஒரு பிடி கீழாநெல்லி எடுத்துக் கையில் திணித்து, அரைத்து மோரில் குடி என்றாள். போணி ஆகியிருந்தது, அதனால் தாராளமாகவே கொடுத்தாள். அன்றைக்குப் போகும்போது அஞ்சலாட்சியிடமும் சொன்னாள். அஞ்சலாட்சி, ஆமாக்கா, சூடுதான் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாசத்தில் சளியில் கிருமி போயிருக்க வேண்டும் என்றார்கள்; போகவில்லை. இன்னும் ஒரு மாசம் அதே மருந்தை நீட்டினார்கள். பிறகு மாத்திரை எண்ணிக்கை குறைந்தது. குறைந்த எண்ணிக்கையிலும் சிவப்பு தொடர்ந்து இருந்தது. அஞ்சலாட்சியோ தேறுவதற்குப் பதில் உருகினாள். கழுத்தெலும்பில் சங்கிலி தங்காமல் வழுக்கியது. வாடிக்கைக்காரர்கள், என்ன அஞ்சல, மெலிஞ்சிட்ட என்று கேட்க ஆரம்பித்தார்கள். மீன் விலை ஏறிப்போச்சு, நானே வாங்கித் தின்ன முடியல என்று அவள் சிரித்தாள். கமலவேணிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஐந்தாம் மாசமும் சளியில் கிருமி. ஜானகிராமன் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு வந்து, அஞ்சலாட்சி கையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். மார்க்கெட் கக்கூசுக்குப் போய்விட்டு வந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆரஞ்சு இல்லை, சாதாரணமாக இருந்தது.

அவர் அஞ்சலாட்சியைப் பார்க்கவில்லை. கமலவேணியைப் பார்த்தார்.

"சிவப்ப முழுங்கினவங்க ஒண்ணுக்கு இப்டி இருக்காதும்மா. நீங்க கண்ணால பாத்துதான் குடுக்கிறீங்களா?"

"பாத்துதான் சார் குடுக்கிறேன்" என்றாள் கமலவேணி.

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய் என்று பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறாள். சர்க்கார் நம்பிக் கொடுத்ததாயிற்றே, போணிக்காகச் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது? ஜானகிராமன் அவளை நம்பினார். மனுஷர்களை நம்புவதுதான் அவர் வேலை. அவள் சொன்னதை அப்படியே டாக்டரிடம் போய்ச் சொன்னார். பார்த்துக் கொடுத்தும் கேட்கவில்லையென்றால் மருந்து மாற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் இரண்டாவது பெட்டி எழுதினார். அதில் ஊசியும் உண்டு.

அவர் போன பிறகுதான் கமலவேணிக்கு அது உறைத்தது. ஆரஞ்சு கலர். அதை அவள் கேட்டிருக்கிறாள். பெரியவள் வாயிலிருந்து இல்லை, சின்னவள் வாயிலிருந்து. கையில் எடுத்த இஞ்சியைக் கீழே வைத்துவிட்டு மீன் பக்கம் ஓடினாள். அஞ்சலாட்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, காலிக் கூடைகள் அடுக்கியிருக்கிற சந்துக்குப் போனாள்.

அஞ்சலாட்சி மறைக்கவில்லை. கேட்பதற்காகவே காத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"ஆறு வயசுக்குள்ள இருந்தா குடுப்பாங்களாம். பதினொண்ணு ஆயிட்டா செத்துப்போவலாமாக்கா? ஒரே ரூம்பு, ஒரே பாயி. ராத்திரியெல்லாம் அது மூஞ்சியிலதான் இருமறேன். அதான் ராஜாவ அதுக்குக் குடுத்துட்டு பட்டாளத்த நான் போட்டுகினேன். சத்து மாத்திரன்னு சொல்லிதான் குடுத்தேன். நான் போனாலும் போவட்டும், அதுக்கு வரக்கூடாது."

கமலவேணிக்கு அவளை அறையலாம்போல வந்தது. கட்டிக்கொண்டு அழலாம்போலவும் வந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள். யாரை அறைவது? ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார வைத்து, முழுங்கு என்று சொல்லியிருந்தால் போதும், ஏழும் அஞ்சலாட்சி வயிற்றுக்குள் போயிருக்கும். நாலு எலுமிச்சம்பழப் போணிக்காக ஒரு உயிரைக் கொத்தமல்லிக் கட்டில் வைத்து வீட்டுக்கு அனுப்பியவள் அவள்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கடையில் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் கடையைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜானகிராமனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தன் பொய் உட்பட. திட்டுவார் என்றுதான் போனாள். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். அரைகுறை மருந்தோடு ஐந்து மாசம் மல்லுக்கட்டிக் கட்டி, மருந்தைச் சமாளிக்கக் கிருமி கற்றுக்கொண்டிருக்கும் என்றார். இனி ஊசியோடு சேர்த்து முழுசாகக் கொடுத்துப் பார்க்கலாம், கேட்டால் அதிர்ஷ்டம். கேட்காவிட்டால் என்று கமலவேணி கேட்டாள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது, பெரிய ஊர்களில் இப்போதுதான் ஒன்றிரண்டு இடத்தில் ஆரம்பிக்கிறார்கள், இங்கே இன்னும் வரவில்லை என்றார்.

அதற்குப் பிறகு கமலவேணி போணியைப் பார்க்கவில்லை. விடிந்ததும் அஞ்சலாட்சியை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு, தொண்டை இறங்குவதைப் பார்த்தாள். ஊசி போடுகிற நாளில் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுக் கூடவே போனாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஊசி போட்ட சில வாரங்களில் அஞ்சலாட்சிக்குக் காது அடைத்துப்போனது. விலை கேட்டவர்களுக்கு வேறு விலை சொன்னாள். பிறகு மீன் கூடையைத் தூக்க முடியாமல் போனது. பிறகு மார்க்கெட்டுக்கே தெரிந்துபோனது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பினாயில் ஊற்றி, வேப்பிலையைப் போட்டு, மூன்றாம் நாள் வேறொருத்தி கூடை வைத்தாள். கோவிந்தசாமி அன்றைக்குக் கஷாயத்தில் நிலவேம்பைக் கூடக் கொஞ்சம் போட்டாராம். டம்ளர் மட்டும் அதே டம்ளர்.

கார்த்திகையில் அடைமழை விடாத ஒரு வாரத்தில் அஞ்சலாட்சி செத்துப்போனாள். கடைசி இரண்டு நாளும் மகளை அறைக்குள் விடவில்லை. வாசல் படியில் நின்று அபி கூப்பிட, உள்ளேயிருந்து கையை மட்டும் ஆட்டினாளாம், போ போ என்று. அந்தக் கையைத்தான் அபி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அபியைக் கமலவேணி தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பெரிய மனசு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெரிய மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தப் பெண்ணை வேறு எங்காவது அனுப்பிவிட்டு ஒருநாள் தூங்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான். அவள் புருஷன் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அதிகம் பேசாத மனுஷன். ஒரு தட்டு கூடப் போட்டால் ஆச்சு என்றார்.

அபிக்கும் காசம் ஒட்டியிருக்கக் கூடாது என்று கமலவேணி வேண்டாத தெய்வமில்லை. ஃபிரான்சுவாஸ் மதாமிடம் சொல்லி மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றினாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அபி இருமினாள். பனி என்றாள் கமலவேணி. அடுத்த வாரமும் இருமினாள். சாயந்தரமானால் உடம்பு சுட்டது. அவளாகவே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சளியில் கிருமி இருந்தது.

ஜானகிராமன் வெளியே வேப்ப மரத்தடியில் அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

"மொதப் பெட்டியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், அதான் விதி. அம்மாகிட்டேருந்து வந்த கிருமியா இருந்தா இந்த மருந்து கேக்காதும்மா. இருந்தாலும் குடுப்போம்."

"கேக்கலன்னா?"

அவர் பேனாவைத் திறந்தார். பெட்டியில் எழுத அபியின் முழுப்பெயரைக் கேட்டார். அபிராமி என்றாள் கமலவேணி. அதை எழுதிவிட்டு, வேறு யாராவது பார்த்துக் கொடுக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார். வேண்டாம், நானே கொடுக்கிறேன் என்றாள் அவள். அவரும் சரி என்றார். இந்தத் தடவையும் அவளை நம்பினார்.

முதல் நாள் விடியற்காலை ஆறரை மணி. மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அபி பள்ளிக்கூடச் சீருடையில் சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கமலவேணி அட்டையைப் பிரித்து மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் கொட்டினாள். சொம்பில் தண்ணீர் வைத்தாள். யார் பார்த்தால் என்ன, போனால் போகட்டும் என்று முந்தானையால்கூட மறைக்கவில்லை. இந்த மருந்து கேட்காமலிருந்தால் இவளும் அம்மாவைப்போலவே உருகுவாள், அதையும் நான்தான் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அபி ஒவ்வொன்றாக வாயில் போட்டு, தலையை அண்ணாந்து தண்ணீர் ஊற்றி முழுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் கமலவேணி வாயைத் திறக்கச் சொன்னாள், நாக்கைத் தூக்கச் சொன்னாள்.

கடைசியாக இருந்த சிவப்பு மாத்திரையை மட்டும் அபி வாயில் போடவில்லை. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கமலவேணியின் பக்கம் நீட்டினாள்.

"இத நீ போட்டுக்க பெரிம்மா. அம்மா எனக்குக் குடுத்தது இதான். நீதான எம் பக்கத்துல படுக்கிற. உனக்கு வராம இருக்கும்."

கமலவேணி அந்த மாத்திரையை வாங்கினாள். அபியின் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்க வைத்து, தன் கையாலேயே நாக்கில் வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். முழுங்கு என்றாள். அபி முழுங்கினாள், முழுங்கி முடித்ததும் இருமினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் வாயை மூடிக்கொண்டு, கமலவேணியின் மேல் படாதபடி தள்ளி உட்கார்ந்து இருமினாள்.